கழிமுகத்தை வரைந்த ஒரு படத்தொகுதி: மை போடும் முன் ஊரார் பார்த்ததால் மாறியவை

பின்னணி

ஆறு கடலில் சேரும் கழிமுகம் ஒன்றின் கரையில் மீனவர் குடியிருப்பு ஒன்று உள்ளது. அங்கிருக்கும் பொதுக்கூடத்தில் நிரந்தரமாக மாட்டுவதற்கு 24 படங்கள் வரைந்து தர ஓர் ஓவியர் ஒப்புக்கொண்டார். சேற்றுத்திட்டும் மணல்திட்டும் நீர்ப்பரப்பும், அங்கே இரை தேடும் பறவைகளும், அதே இடத்தில் தொழில் செய்யும் மக்களும் படங்களில் இடம்பெற வேண்டும் என்பது கேட்டவர்களின் விருப்பம். ஒவ்வொரு படமும் ஏ2 அளவு, அதாவது 420 × 594 மி.மீ. முதலில் பென்சில் கோடு, அதன்மேல் கறுப்பு மை, தேவைப்படும் இடத்தில் மட்டும் மெல்லிய நீர்வண்ணப் பூச்சு என்று முறை முடிவானது.

ஓவியர் செடிகொடிகளையும் கட்டடங்களையும் வரைந்து கைதேர்ந்தவர். பறவைகளையும் வலைத்தொழிலையும் அதுவரை நெருங்கி வரைந்ததில்லை. இது குறையாகச் சொல்லப்படவில்லை. இப்படிப் பணி ஏற்கும் பெரும்பாலான ஓவியர்களின் நிலை இதுதான் என்பதால்தான் இந்த நிகழ்வைப் பதிவுசெய்வதில் பயன் இருக்கிறது.

இந்தப் பணியில் இரண்டு விஷயங்கள் வழக்கத்துக்கு மாறானவை. எந்த இடத்தை வரைகிறாரோ அந்த இடத்திலேயே படம் மாட்டப்படும். பார்ப்பவர்கள் வலையைத் தினமும் தோளில் போடுகிறவர்கள், எந்தப் பறவை எந்தத் தண்ணீருக்கு வரும் என்று அறிந்தவர்கள். காட்சிக்கூடத்தில் எவர் கண்ணிலும் படாத பிழை இங்கே முதல் நாளே பிடிபடும். அடுத்தது கூடத்தின் அமைப்பு. தண்ணீருக்குப் பக்கத்தில் கட்டிய கூடம், அகலமான சன்னல்கள், ஆண்டின் பெரும்பகுதி ஈரக்காற்று. தாளில் செய்த படத்துக்கு இதைவிடக் கடினமான இடம் அமைவது அரிது.

களத்தில் கவனித்தவை

கழிமுகத்தை வரைய வருகிறவர்களை முதலில் தடுமாற வைப்பது ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவது. பெரும்பாலான கடற்கரைகளில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொன்றும் மறுநாள் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். காலை ஏழு மணிக்குப் பாதி வரைந்த காட்சியை முடிக்க மறுநாள் அதே ஏழு மணிக்குப் போனால் நீர்மட்டம் வேறாக இருக்கும். நான்கைந்து நாளில் சேறு இருந்த இடம் முழுக்கத் தண்ணீராகிவிடும். அதே வெளிச்சமும் அதே நீர்மட்டமும் சேர்ந்து அமைய ஏறத்தாழ இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கு புரிந்த பிறகு ஓவியர் ஒரே நாளில் இரண்டு மூன்று காட்சிகளைத் தொடங்கி, ஒவ்வொன்றையும் அதற்குரிய ஓத நேரத்தில் மட்டும் தொடர்ந்தார். களக்குறிப்பின் ஓரத்தில் நேரம், ஓதம் ஏறுகிறதா வற்றுகிறதா, வெயில் எந்தப் பக்கம் என்ற மூன்றையும் எழுதுவது வழக்கமானது. பின்னால் பல பிழைகளைப் பிடித்துக்கொடுத்தது இந்த மூன்று வரிக் குறிப்புதான்.

பறவைகளை முக்காலியில் நிறுத்திய, 20 முதல் 60 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் என்னும் தொலைநோக்கி வழியாகப் பார்த்து வரைந்தார். எவ்வளவு தூரத்தில் உட்கார வேண்டும் என்பதைப் பறவையே சொல்லிவிடும். இரை தேடுவதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் அது நம்மைக் கவனிக்கிறது என்று பொருள். குரல் கொடுத்தாலோ நடந்து விலகினாலோ நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம். அப்படிப்பட்ட பறவையை வரைவதில் ஓவியத்துக்கும் பயன் இல்லை. தாளில் வருவது மிரண்ட பறவையின் விறைத்த நிலை. இயல்பாக மேயும் பறவையின் உடல்வாகு அதில் இருக்காது.

முதல் வாரங்களின் குறிப்பேடுகளில் முழுமையான படம் ஒன்றுகூட இல்லை. ஒரே பக்கத்தில் பத்துப் பதினைந்து அரைகுறைக் கோட்டுருவங்கள். பறவை திரும்பினால் அந்த உருவத்தை விட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்குவது, முன் நிலைக்குத் திரும்பினால் விட்டதைத் தொடர்வது. இந்தப் பழக்கம் நல்லது. கண்டதை மட்டும் எழுதவும் காணாததைக் கற்பனையால் நிரப்பாமல் இருக்கவும் அது கையைப் பழக்குகிறது.

முதல் ஆறு படங்கள்

முதல் தொகுதியாக ஆறு படங்கள் மை போட்டு முடிக்கப்பட்டன. கூடத்தில் அவற்றைச் சுவரோரம் சாய்த்து வைத்து ஊராரை அழைத்தார்கள். கொஞ்ச நேரம் எல்லோரும் பாராட்டினார்கள். பிறகு வலை வீசும் படத்தின் முன் நின்ற மூத்த மீனவர் ஒருவர், “இந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தால் வலை வராது” என்றார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களும் பேசத் தொடங்கினார்கள்.

அவர் சொன்னது சரி. வீச்சுவலை வட்டமானது. ஓரம் முழுக்க ஈயக் குண்டுகள். கைக்கயிறு வட்டத்தின் நடு உச்சியில் தொடங்கி வீசுபவரின் மணிக்கட்டில் முடியும். வலை விரிந்து காற்றில் இருக்கும்போது கயிறு நடுவிலிருந்து புறப்பட வேண்டும். படத்தில் அது வலையின் ஓரத்திலிருந்து புறப்பட்டது. இன்னொரு பிழை உடல்நிலையில் இருந்தது. வலை முழு வட்டமாக விரிந்துவிட்டது. வீசுபவரின் இடுப்போ இன்னும் பின்பக்கம் முறுக்கியபடி இருந்தது. வலை விரிவதற்குக் காரணமே அந்த முறுக்கு விடுபட்டு உடல் முன்னால் சுழல்வதுதான். இரண்டும் ஒரே கணத்தில் இருக்க முடியாது. வீசத் தொடங்கும் புகைப்படம் ஒன்றிலிருந்து ஆளையும், வீசி முடித்த புகைப்படம் ஒன்றிலிருந்து வலையையும் எடுத்துச் சேர்த்ததால் வந்த பிழை இது.

அதே படத்தில் இன்னும் ஒன்று. ஆள் படகின் முனையில் நிற்கிறார், படகோ தண்ணீரில் மட்டமாகக் கிடக்கிறது. சிறு படகில் ஒருவர் முனைக்குப் போனால் முனை அமுங்கி, பின்பக்கம் சற்று எழும்பும். பார்ப்பவர்கள் இதைச் சொற்களில் விளக்கவில்லை. “ஆள் படகில் நிற்கிற மாதிரி தெரியவில்லை” என்றுதான் சொன்னார்கள். காரணத்தைத் தேடிப் பார்த்தபோது இது தெரிந்தது.

பறவைப் படங்களில் இருந்த பிழைகள் வேறு வகை. பெரிய வெண்கொக்கு ஒன்று முதுகில் இனப்பெருக்ககால மெல்லிறகுகள் தொங்க, மஞ்சள் அலகோடு நின்றது. இனப்பெருக்க காலத்தில் அதன் அலகு கறுத்துவிடும். இறகை ஒரு பருவத்துக் குறிப்பிலிருந்தும் அலகை வேறொரு பருவத்துக் குறிப்பிலிருந்தும் எடுத்திருந்தார்கள். நெடுங்கால் உள்ளானின் கால் பொருத்தமும் தவறு. பறவைக் காலின் நடுவே பின்புறமாக மடிவது கணுக்கால். முழங்கால் உடலை ஒட்டி இறகுக்குள் மறைந்திருக்கும். அதை முழங்கால் என்று நினைத்து வரைந்தால் தொடையை வெளியில் காட்ட வேண்டிவரும். எடை எங்கே தாங்குகிறது என்பதும் கெட்டுவிடும். படத்தில் இருந்த உள்ளான் விழப்போவது போல் தெரிந்ததற்கு அதுதான் காரணம்.

சாம்பல் நாரை பறக்கும் படத்தைப் பற்றி மட்டும் விவாதம் நடந்தது. சாம்பல் நாரையும் வெண்கொக்கும் பறக்கும்போது கழுத்தை மடித்து உள்ளிழுத்துக்கொள்ளும். அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் போன்றவை நீட்டியபடி பறக்கும். படத்தில் நாரையின் கழுத்து நீண்டிருந்தது. ஆனால் அது எழும்பிய முதல் சில சிறகடிப்புகளின் காட்சி. அப்போது கழுத்து நீண்டிருப்பது உண்டு. ஆக, படம் தவறில்லை. இருந்தாலும், வானத்தின் நடுவில் பறவை இருந்ததால் அது எழும்புகிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியவில்லை. காலுக்குக் கீழே கலங்கிய தண்ணீரைச் சேர்த்த பிறகு யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. உண்மையை வரைந்தால் மட்டும் போதாது, அது உண்மையென்று தெரிவதற்கான சூழலையும் வரைய வேண்டியிருக்கிறது.

நிலக்காட்சியில் இரண்டு குறைகள். எதிர்க்கரை மிக அருகில் வந்துவிட்டது என்று பலர் சொன்னார்கள். தூரத்திலிருந்து பெரிதாக்கி எடுத்த புகைப்படத்தில் முன்னும் பின்னும் இருப்பவை ஒட்டிக்கொள்வதன் விளைவு அது. மற்றது, தண்ணீரில் தெரிந்த படகின் நிழலுரு. மேலே வரைந்ததை அப்படியே தலைகீழாகப் பிரதி எடுத்திருந்தார். உண்மையில் நிழலுருவில், கண் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்து பார்ப்பது போன்ற கோணம் கிடைக்கும். நேரில் தெரியாத படகின் அடிவிளிம்பு நிழலுருவில் தெரியும். நேரில் தெரியும் உட்புறப் பலகை நிழலுருவில் தெரியாது.

ஆறில் நான்கை மறுபடி வரைய நேர்ந்தது. சுரண்டித் திருத்த முயன்ற ஒரு படம் வீணானது. வழவழப்பான பருத்தித் தாளில் மையைக் கத்தியால் சுரண்டலாம். ஆனால் தாளின் மேல்பசை அதோடு போய்விடும், அடுத்து வைக்கும் மை நூல்நூலாகப் பரவும்.

எடுத்த முடிவு, அதன் காரணம்

மூன்று வழிகள் பேசப்பட்டன. பறவை அறிந்த ஒருவரும் வலை அறிந்த ஒருவரும் முடிந்த படங்களைப் பார்த்துச் சான்று சொல்வது ஒன்று. கணினியில் மாதிரி செய்து அனுப்பிக் கருத்துக் கேட்பது இன்னொன்று. முழு அளவில் பென்சில் வரைவு செய்து, மை தொடும் முன் கூடத்தில் வைப்பது மூன்றாவது.

முதல் வழியில் பிழை தெரியும், திருத்தச் செலவு குறையாது. இரண்டாவதை ஒருமுறை முயன்றார்கள். சிறு திரையில் பார்த்தவர்கள் எல்லாவற்றையும் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். கயிறு எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அந்த அளவில் கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது வழி தேர்வானது. பென்சில் கோட்டை அழிக்க ஒரு நிமிடம் போதும். பிழை மலிவாக இருக்கும் கட்டத்தில் அறிந்தவர் கண்ணில் படவேண்டும் என்பதுதான் கணக்கு.

நடைமுறை இப்படி அமைந்தது. விலை குறைந்த மெல்லிய தாளில் முழு அளவு வரைவு. அதன்மேல் ஒரு டிரேஸிங் தாள் ஒட்டி, சொல்லப்படும் திருத்தங்களைச் சிவப்புப் பென்சிலால் அந்த மேல்தாளில் குறிப்பது. வரைவின் மேல் யாரும் நேரடியாகக் கிறுக்குவதில்லை. எது வரைந்தது, எது சொல்லப்பட்டது என்பது தனித்தனியாக நிற்கும். திருத்திய வரைவை 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளுக்கு மாற்ற ஒளிமேசை சரிப்படவில்லை, அந்தத் தடிமனில் கோடு மங்கலாகத்தான் தெரிந்தது. டிரேஸிங் தாளின் பின்புறம் 2பி பென்சிலைத் தேய்த்து, முன்புறம் 4எச் பென்சிலால் மெல்ல ஓட்டி மாற்றினார். அழுத்தினால் தாளில் பள்ளம் விழும், பின்னால் வண்ணம் அந்தப் பள்ளத்தில் தேங்கிக் கோடாகத் தெரியும். கார்பன் தாளைப் பயன்படுத்தக் கூடாது. அதில் இருக்கும் மெழுகு அழியாது, நீர்வண்ணத்தையும் ஒட்டவிடாது.

கேட்கும் விதமும் மாறியது. “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் பாராட்டுதான் கிடைக்கும். அதற்குப் பதிலாக, “இவர் அடுத்து என்ன செய்யப் போகிறார்?” என்று கேட்கத் தொடங்கினார்கள். படம் சரியாக இருந்தால் தொழில் தெரிந்த எவரும் உடனே பதில் சொல்லிவிடுவார்: கயிற்றைச் சுருட்டுவார், கோலை ஊன்றித் தள்ளுவார், கூடையைப் பக்கம் இழுப்பார். பதில் வராமல் தயங்கினால் அந்த உடல்நிலையில் ஏதோ பிழை. பறவைப் படத்துக்கு, “இது எந்தப் பருவம்? தண்ணீர் ஏறுகிறதா, வற்றுகிறதா?” என்று கேட்டார்கள். இந்தக் கேள்விகள் கிட்டத்தட்ட எல்லாப் பிழைகளையும் பிடித்துக்கொடுத்தன. இந்தப் பதிவிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துச் செல்வதாக இருந்தால் கேள்வி கேட்கும் இந்த முறையை எடுத்துச் செல்லலாம்.

கருத்து வேறுபாடுகளும் வந்தன. வலையைக் கையாள்பவர்களில் ஒருவர் ஈய ஓரத்தின் ஒரு பகுதியைத் தோளில் போட்டு வீசுகிறார், இன்னொருவர் பல்லில் கடித்துப் பிடிக்கிறார். இருவரும் தத்தம் முறையே சரி என்றார்கள். இரண்டையும் கலந்து பொதுவான ஒரு வீச்சை வரைவதில்லை என்று ஓவியர் முடிவுசெய்தார். பொதுவான வீச்சு என்று ஒன்றை எவரும் வீசுவதில்லை. தோளில் போடுபவரின் முறையை அவரைப் பார்த்தே வரைந்து, அது யாருடைய முறை என்று அவர் சம்மதத்தோடு குறிப்பட்டையில் எழுதினார்.

சேற்றில் மட்டி பொறுக்கும் பெண்களின் படம் கடைசிச் சுற்றில்தான் திருத்தப்பட்டது. வரைவில் கூடை அவர்கள் முன்னால் இருந்தது. முழங்கால் அளவுத் தண்ணீரில் கூடையை இடுப்பில் கயிற்றால் கட்டி மிதக்கவிட்டு, இரு கையாலும் சேற்றைத் துழாவுவதுதான் அவர்கள் வழக்கம். கண் தண்ணீரில் இருக்காது, கலங்கலில் எதுவும் தெரியாது. விரல்தான் தேடும். அதனால் முகம் நிமிர்ந்து, பேசிக்கொண்டோ தொலைவைப் பார்த்துக்கொண்டோ இருப்பார்கள். குனிந்து தண்ணீரை உற்றுப் பார்க்கும் முகங்களை மாற்றியதும் படத்தின் தன்மையே மாறியது. வரைவில் இருந்தது உழைப்பின் சுமை. திருத்திய படத்தில் கைத்திறன் தெரிந்தது. தொகுதியில் மிகச் சிறந்த படம் என்று இதைச் சொல்லலாம்.

அந்தப் படத்தில் இருந்த ஒருவர் முதலில் சம்மதித்து, வரைவைப் பார்த்த பிறகு தம் முகம் தெரிய வேண்டாம் என்றார். காரணம் கேட்கப்படவில்லை. அவர் தலையைத் திருப்பி வரைந்து, உடையின் அடையாளத்தையும் மாற்றி, மறுபடி காட்டி ஒப்புதல் பெற்றார்கள். வரையும் முன் தரும் சம்மதமும் வரைந்ததைப் பார்த்தபின் தரும் சம்மதமும் தனித்தனி என்பதை இது காட்டியது. இரண்டையும் கேட்பது அன்றிலிருந்து விதியானது.

ஆலாக்கள் கூடுகட்டிய மணல்திட்டு

ஒரு வரைவில் சிறிய ஆலாக்கள் முட்டையிட்டிருந்த மணல்திட்டு இருந்தது. ஆலாவின் கூடு என்பது மணலில் ஒரு சிறு குழி மட்டுமே. இரண்டு மூன்று முட்டைகள் மணல் நிறத்திலேயே கிடக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். மனிதர் நெருங்கினால் தாய் எழுந்துவிடும். வெயிலில் கிடக்கும் முட்டை சூடேறிக் கெடும், இல்லையென்றால் காகம் கொண்டுபோகும்.

வரைவில் பின்னணியாக வளைந்த ஒற்றை மரமும் கரைக்கட்டும் துல்லியமாக இருந்தன. அந்த இரண்டையும் ஒரே நேர்கோட்டில் வைத்துப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் படகில் நேராக அந்தத் திட்டுக்குப் போய்விடலாம். கரையிலிருந்து இரண்டு அடையாளங்களை ஒரு கோட்டில் வைத்துக் கடலில் இடம் பிடிப்பது மீனவர்களுக்குக் கைவந்த கலை. இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டியவர்களும் அவர்களே.

படத்தையே விட்டுவிடலாம் என்றும், பின்னணியை வெறுமையாக்கலாம் என்றும் பேச்சு வந்தது. இறுதியில் பறவையையும் கூட்டையும் அப்படியே வைத்து, மரத்தையும் கரைக்கட்டையும் நீக்கி, அதே கழிமுகத்தின் வேறு பகுதியில் வரைந்த அடிவானக் கோட்டைப் பொருத்தினார்கள். பின்னணி இடமாற்றப்பட்டது என்று குறிப்பட்டையில் சொல்லப்பட்டிருக்கிறது. சரியாக வரைவதை இவ்வளவு வலியுறுத்திய தொகுதியில் இடத்தைத் தெரிந்தே மாற்றிய ஒரே படம் இது. சொல்லிச் செய்ததால் அதை ஏற்கலாம்.

தாள், மை, வண்ணம்

கைவிட்ட முதல் படங்களில் ஒன்று இடத்தைக் குறிப்பதற்காகக் கூடத்தின் சன்னலோரச் சுவரில் ஒரு பருவம் முழுக்க ஊசியில் தொங்கியது. எடுத்துப் பார்த்தபோது மூன்று மாற்றங்கள் தெரிந்தன. உள்ளானின் இளஞ்சிவப்புக் கால் வெளிறிவிட்டது. கறுப்பு மையை நீரில் கரைத்துப் போட்ட நிழல்கள் பழுப்பாகத் திரும்பியிருந்தன. தாள் அலையலையாக நெளிந்து, கீழ் ஓரத்தில் பூஞ்சைப் புள்ளிகள் விழுந்திருந்தன.

காலுக்குப் பூசியது ஓபரா ரோஸ். அதன் பளிச்சென்ற தன்மை ஒளிரும் சாயம் ஒன்றிலிருந்து வருகிறது. வெளிச்சத்தில் அந்தச் சாயம் போய்விடும், அடியில் உள்ள மங்கலான ரோஸ் நிறமி மட்டும் மிஞ்சும். மை, பவுண்டன் பேனாவுக்கான சாய மை. மாலைக் காட்சிகளில் இருந்த அலிசரின் கிரிம்சன் (நிறமிக் குறியீடு பிஆர்83) ஒளி தாங்காத நிறமி என்று பெயர் பெற்றது.

அதன்பின் ஒவ்வொரு வண்ணத்தையும் தாள்பட்டையில் பூசி, பாதியை அலுமினியத் தகட்டால் மூடி, ப்ளூ வூல் அட்டையோடு அதே சன்னலில் வைத்தார்கள். அந்த அட்டையில் 1 முதல் 8 வரை எண்ணிட்ட நீலக் கம்பளிப் பட்டைகள் இருக்கும். 1 மிக விரைவில் வெளிறும், 8 மிக மெதுவாக. தம் வண்ணம் எந்தப் பட்டையோடு சேர்ந்து வெளிறுகிறது என்று பார்த்தால் அதன் தாங்குதிறன் தெரிந்துவிடும். விளைவைப் பார்த்து, கரி நிறமி கொண்ட நீர்புகா மையும், ஓபராவுக்குப் பதில் குயினாக்ரிடோன் ரோஸும் (பிவி19), அலிசரினுக்குப் பதில் பெரிலீன் மரூனும் (பிஆர்179) முடிவாயின. ஷெல்லாக் என்னும் அரக்கு சேர்ந்த கறுப்பு மையைப் பவுண்டன் பேனாவில் ஊற்றினால் உள்ளே உறைந்து பேனா வீணாகும். அதற்குத் தொட்டு எழுதும் நிப்தான் ஏற்றது.

குயினாக்ரிடோன் ரோஸுக்கு ஓபராவின் பளிச்சம் கிடையாது. கூடுதலாகப் பூசினால் கால் கனத்துவிடும். ஓவியர் காலைத் தொடாமல், அதைச் சுற்றியுள்ள தண்ணீரைச் சற்றுப் பச்சை கலந்த சாம்பலாக்கினார். எதிர்நிறம் பக்கத்தில் வந்ததும் அதே ரோஸ் எடுப்பாகத் தெரிந்தது.

தாளின் நெளிவுக்கும் பூஞ்சைக்கும் காரணம் காற்றின் ஈரம். ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் தாளில் பூஞ்சை வரும் வாய்ப்பு கூடும். அந்தக் கூடத்தில் அதைக் கட்டுப்படுத்த வழியில்லை. வெளிச்சமும் அப்படியே. காகிதப் படங்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) அளவை வைத்துக்கொள்வது வழக்கம். அந்த வெளிச்சத்தில் எட்டு மணி நேரம் படும் ஒளி, 2000 லக்ஸ் விழும் சன்னலோரத்தில் 12 நிமிடத்திலேயே பட்டுவிடும். ஒளியால் வரும் கேடு கூடிக்கொண்டே போகும், இருட்டில் வைத்தால் திரும்பி வராது.

ஆகவே கூடத்தில் அச்சுப் பிரதிகளை மாட்டி, மூலப்படங்களை அமிலமற்ற பெட்டியில் வைப்பதென்று முடிவானது. ஊரார் பலருக்கு இதில் மனக்குறை. தங்களுக்காக வரைந்தது ஏன் பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்று கேட்டது நியாயமான கேள்வி. சன்னலோரம் தொங்கிய படத்தையும் புதிய வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகு ஒரு சமரசம் ஏற்பட்டது: மழையில்லாத மாதங்களில், வெயில் படாத உட்சுவரில், இரண்டிரண்டாக மூலப்படங்கள் மாற்றி மாற்றி வைக்கப்படும்.

பிரதி எடுப்பதற்கு 600 டிபிஐ அளவில், நிறஅட்டையும் சேர்த்து ஸ்கேன் செய்தார்கள். ஏ3 ஸ்கேனர் என்பதால் ஒவ்வொரு படமும் இரண்டு துண்டாக எடுத்து இணைக்கப்பட்டது. ஸ்கேனில் முதலில் காணாமல் போவது மிக மெல்லிய வண்ணப்பூச்சு. தானியங்கித் திருத்தம் அதைத் தாளின் வெண்மை என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். அந்த வசதியை அணைத்து, மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையால் சரிசெய்தார்கள். அச்சு, பருத்தித் தாளில் நிறமி மையால்.

மாட்டிய விதமும் பின்விளைவும்

படம் கண்ணாடியைத் தொடாதபடி, நடுவில் சாளரம்போல் வெட்டிய அமிலமற்ற அட்டை. அட்டையோடு இணைக்க ஜப்பானியத் தாள் கீலும் கோதுமை மாவுப்பசையும். ஒட்டும் டேப் எங்கும் இல்லை. சட்டத்தின் பின் நான்கு மூலையிலும் சிறு திண்டு வைத்ததால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போக 10 மி.மீ. இடைவெளி.

அடுத்து வந்த இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு பார்த்தபோது பெரும்பாலான பிரதிகளில் மாற்றம் இல்லை. வெளிச்சுவரில் மாட்டிய இரண்டில் கண்ணாடியின் உட்புறம் நீர் கோத்து, அட்டையின் கீழ் ஓரம் கறைபட்டிருந்தது. இரவில் குளிரும் சுவர் அது. இடைவெளி இருந்தும் போதவில்லை. அவை உட்சுவருக்கு மாற்றப்பட்டன. நிறமி அச்சு என்பதால் புதிதாக ஒன்று எடுப்பதோடு பிரச்சினை முடிந்தது. மூலப்படமாக இருந்திருந்தால் அப்படி முடிந்திருக்காது.

உருவப் பிழையாக, மாட்டிய பின் சொல்லப்பட்டது ஒன்றுதான்: மீன்கொத்தியின் கீழ் அலகு. சிறிய மீன்கொத்தியில் பெண்ணுக்குக் கீழ் அலகு ஆரஞ்சு, ஆணுக்கு முழுக்கக் கறுப்பு. இணையாக வரைந்த இரண்டுக்கும் ஒரே அலகு இருந்தது. அந்த வரைவைப் பார்த்த சுற்றில் பறவை அறிந்தவர் எவரும் வரவில்லை.

இந்த முறைக்கு ஒரு விலையும் இருந்தது. வரைவு, டிரேஸிங், மாற்றம், மை என்று நான்கு கட்டம் கடந்ததில் சில படங்களின் கோடு இறுகிவிட்டது. படகுக்கும் வலைக்கும் அது பொருந்தியது. பறக்கும் பறவைக்குப் பொருந்தவில்லை. களக்குறிப்பில் இருந்த துள்ளல் முடிந்த படத்தில் இல்லை. கடைசி எட்டுப் படங்களில் ஓவியர் முறையைப் பிரித்துக்கொண்டார். கட்டமைப்பு உள்ளவற்றை மட்டும் டிரேஸிங்கில் மாற்றி, பறவைகளுக்குத் தாளில் இடத்தையும் அளவையும் புள்ளியால் குறித்துவிட்டு, களக்குறிப்பைப் பார்த்துக் கையோட்டத்தில் நேரடியாக மையில் வரைந்தார். அந்த எட்டின் பறவைகள் முந்தியவற்றைவிடத் தெளிவாக மேம்பட்டவை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

கூட்டங்களின் நேரம் முதலில் மாற வேண்டும். பார்வைச் சுற்றுகள் தண்ணீர் வற்றிய நேரத்தில் நடந்தன. படகுக்காரர்களுக்கு அது ஓய்வு நேரம், மட்டி பொறுக்குபவர்களுக்கு அதுதான் வேலை நேரம். பெண்களின் திருத்தம் கடைசிச் சுற்று வரை வராததற்கு வேறு காரணம் இல்லை. ஒரு சுற்று ஏற்றத்திலும் ஒரு சுற்று வற்றத்திலும் வைத்தால் இது தீரும்.

வண்ணச் சோதனையை முதல் கோட்டுக்கு முன்பே, படம் மாட்டப்போகும் சுவரிலேயே தொடங்க வேண்டும். ஒரு பருவம் முழுக்க வைக்க நேரம் தேவைப்படுவதால் இதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ள முடியாது. இங்கே அது தெரிய வந்தது தற்செயலாக.

வரையப்போகும் ஒவ்வொரு பறவைக்கும் எந்தப் பருவம், எந்த வயது, ஆணா பெண்ணா, அந்தப் பருவத்தில் அலகும் காலும் என்ன நிறம், எந்த நீர்மட்டத்தில் காணப்பட்டது என்று ஒரு வரி அட்டவணை களக்குறிப்போடு சேர்த்து வைக்க வேண்டும். வெண்கொக்கும் மீன்கொத்தியும் இந்த ஒரு வரியில் பிடிபட்டிருக்கும். புகைப்படத்தை உதவிக்கு எடுத்தால் ஒரு உருவத்துக்கு ஒரே கணத்தின் படம் என்ற கட்டுப்பாடும் அதோடு சேர வேண்டும்.

ஒவ்வொரு மூலப்படத்தின் பின்னட்டையிலும் பயன்படுத்திய நிறமிகளின் குறியீடு, மையின் வகை, தாளின் எடை ஆகியவை பென்சிலால் எழுதப்பட வேண்டும். இந்தத் தொகுதியில் முதல் சில படங்களுக்கு அப்படி எழுதவில்லை. பின்னாளில் எந்தப் படத்தை எவ்வளவு காலம் வெளியில் வைக்கலாம் என்று முடிவுசெய்ய வந்தபோது, அந்தச் சில படங்களைப் பற்றி மட்டும் ஓவியரிடம் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது.